மெயின் போர்டில் தொங்கிய சட்டை

தாராவி,
14 ஜூன் 2025, சனி

கோபக்கார அத்தானுக்கு ராணி எழுதுவது.

போனில் என் நம்பரை அடைத்துவிட்டீர்கள். சரி, வாரம் ஒரு தடவை தோல் பை ஏற்றிக்கொண்டு நாசிக் வருகிற வானமாமலை அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று போனால், அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வாய்ச்செய்தி மட்டும் சொல்லாத தாயி. புருசன் பொண்டாட்டி சண்டையில நடுவுல நின்னா அடி எனக்குத்தான். எழுதிக் குடு, கொண்டுபோறேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால்கூட உங்களுக்கு நான் எழுதியதில்லை.

நான் செம்பூர் எலக்ட்ரிக் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். ஆமாம், உங்கள் பேருக்கு ஒதுக்கிய இடத்தில்தான். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? நாம் வேலை பார்க்கிற செம்பூர் அடுக்குமாடி சொசைட்டி செக்ரட்டரி வைத்தீஸ்வரன் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டடத்து மீட்டர் ரூமில் புகை வந்ததிலிருந்து கமிட்டிக்குப் பயம். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பயிற்சி முடித்தவர்கள் மட்டும்தான் கரண்ட் பேனலைத் தொடலாம். யாரும் இல்லையென்றால் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் வீட்டில் அடுப்பெரிவது அந்த சொசைட்டியின் மூன்று கட்டடத்து கரண்ட் வேலையால். நீங்களோ, "இந்த வயசுல எனக்கு எவன்ல பாடம் எடுக்கப் போறான்" என்று கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நாசிக் சைட்டுக்குப் போய்விட்டீர்கள். ரோஷம் உங்களுக்கு, வேலை போனால் பட்டினி எனக்கும் பிள்ளைகளுக்குமா?

போகட்டும். வகுப்பைக் கேளுங்கள் அத்தான்! எல்லாரும் கொத்து வேலை, பிளம்பிங், பெயிண்டிங், பில்டிங் மெயின்டனன்ஸ் ஆட்கள். பெண்கள் நானும் மான்குர்திலிருந்து வருகிற நுஸ்ரத்தும் மட்டும். ஆளுக்கொரு சிவப்பு ஹெல்மெட், ரப்பர் கிளவுஸ், ஒரு டெஸ்டர். அந்த டெஸ்டர் எனக்கே எனக்கு! இத்தனை வருஷம் உங்கள் டெஸ்டரை எடுத்து நீட்டியிருக்கிறேன், ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு என் கையில் அதன் குட்டி பல்பு எரிந்ததும் நுஸ்ரத்தைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "அரே, பல்பு எரிஞ்சதுக்கா இவ்ளோ குஷி" என்று அவள் சிரிக்கிறாள்.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

ராணி


நாசிக்,
18 ஜூன்

விஜயராணிக்கு,

திட்டியாவது போடு என்றாய். போடுகிறேன்.

என்னைக் கேட்காமல் என் இடத்தில் போய் உட்கார்ந்தாய். சொசைட்டியில் நாளைக்கு என்னைப் பார்த்து, "என்ன ஞானராஜ், வீட்டுல ஸ்விட்ச் யார் கையில?" என்று வாட்ச்மேன்கூடக் கேட்பான். இருபது வருஷமாக தாராவியில் எத்தனை சந்தில் வயர் இழுத்திருக்கிறேன், உனக்குத் தெரியாதா? மழையில் தண்ணீரில் நின்றுகொண்டு லைன் கொடுத்தவனுக்கு செம்பூரில் நாற்காலியில் உட்காரவைத்து, கரண்ட் என்றால் என்ன என்று சொல்லித் தருவார்களாம்.

இங்கே ஆஸ்பத்திரிக் கட்டடம். வேலை நன்றாகப் போகிறது. என் முறையில்தான் செய்கிறேன். மெயின் ஸ்விட்சை இறக்குவேன், சட்டையைக் கழற்றி போர்டு மேல் தொங்கவிடுவேன், வேலையைப் பார்ப்பேன். ஞானராஜ் சட்டை தொங்குகிற போர்டில் நம் பக்கம் ஒருத்தன் கை வைப்பானா? அதற்குமேல் என்ன படிப்பு?

சாப்பாடு மட்டும் சரியில்லை. வானமாமலையிடம் கருவாடு கொடுத்துவிடு. கோபம் கோபம்தான், கருவாடு வேறு.

ஞானராஜ்


தாராவி,
28 ஜூன்

அத்தானுக்கு,

கருவாடு அனுப்பியிருக்கிறேன். நெத்திலி. இதைப் படித்து முடித்த பிறகு பொட்டலத்தைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் சட்டையைப் பற்றி வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் சட்டை தொங்குனா ஏரியாவே தொடாது மேடம்" என்று சொன்னதும் பையன்கள் கை தட்டினார்கள். பாடம் எடுக்கிற மேடம் மட்டும் தட்டவில்லை. "அந்தச் சட்டையைத் தெரியாதவன் வந்தா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம். "அதான் நான் நிப்பேன்ல" என்றேன்.

நான் சொன்னது எவ்வளவு உண்மை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. மாதிரிப் பரீட்சை. பேனலை இறக்கி, நம் பேர் எழுதிய பூட்டைப் பிரேக்கர் ஸ்விட்சில் மாட்டி, சாவியை நம் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரை கரண்ட் ஓடுகிற வேறொரு லைனில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நம் லைன் செத்துவிட்டதா என்று பார்த்து, உள் அறைக்குப் போய் சாக்கெட் மாற்ற வேண்டும். நான் இறக்கினேன், பூட்டினேன், சாவியைப் போட்டுக்கொண்டேன். அப்புறம் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன் அத்தான். நின்றுகொண்டே இருந்தேன்! உள்ளே யாரோ வேலை செய்கிற மாதிரியும், நான் காவல் நிற்க வேண்டிய மாதிரியும். நேரம் முடிந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மேடம் வந்து, "பூட்டுதான் நிக்குதே, நீ எதுக்கு நிக்கிற?" என்றார்.

ஃபெயில்.

நுஸ்ரத் டீ வாங்கிக் கொடுத்தும் அழுகை நிற்கவில்லை. இத்தனை வருஷம் அந்தச் சட்டை யாரையும் தடுக்கவில்லை. தடுத்தது நான். மெயினைப் போட வந்தவனையெல்லாம், "ஏ, உள்ள ஆள் இருக்கு" என்று விரட்டியது என் வாய். உங்கள் பூட்டு நான்தான். நாசிக்கில் உங்களுக்குப் பூட்டு யார்?

இதை நினைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தயவுசெய்து ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராணி


நாசிக்,
6 ஜூலை

ராணிக்கு,

கருவாடு கிடைத்தது. நன்றாக இருந்தது. வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். பரீட்சை நன்றாக எழுது.

ஞானராஜ்


தாராவி,
12 ஜூலை

அத்தான்,

இது யார் எழுத்து? எறும்பு மையில் விழுந்து ஓடின மாதிரி இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தால் உங்களுடையது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. "பரீட்சை நன்றாக எழுது" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்! என்னைத் திட்டாமல் ஒரு கடிதம் என்றால் உங்களுக்கு என்னவோ ஆகியிருக்கிறது.

வானமாமலை அண்ணனைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாய்ச்செய்தி கொண்டுவர மாட்டேன்னு சொல்லியிருக்கேன்லா" என்றார். செய்தி ஒன்று இருக்கிறது என்று அவரே சொன்ன மாதிரிதானே? நுஸ்ரத் போனிலிருந்து உங்களுக்கு அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள்.

இடது கையால் எழுதினீர்களா? வலது கைக்கு என்ன? உண்மையைச் சொல்லாவிட்டால் நான் பரீட்சையும் வேண்டாம், சொசைட்டியும் வேண்டாம் என்று அடுத்த வண்டியில் ஏறி அங்கே வந்து நிற்பேன். உங்கள் சைட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்.

ராணி


நாசிக்,
17 ஜூலை

ராணி,

வராதே. பரீட்சையை விடாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடு இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

இரண்டாவது மாடியில் சீலிங் லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். போர்டில் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிட்டு வழக்கம்போல் சட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு ஒரிசாக்காரன் வந்திருக்கிறான். நல்ல மனுஷன். என் சட்டையில் பெயிண்ட் பட்டுவிடக் கூடாது என்று எடுத்து, மடித்து, பத்திரமாக ஓரமாக வைத்திருக்கிறான். அப்புறம் வெளிச்சம் வேண்டுமென்று தன் ஃபோகஸ் லைட்டுக்காக எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டான். அவனுக்குச் சட்டை என்றால் சட்டைதானே.

என்னைத் தூக்கி எறிந்தது. ஏணியிலிருந்து விழுந்தேன். வலது உள்ளங்கை வெந்துவிட்டது, மணிக்கட்டு எலும்பில் லேசான விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயிண்டர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். வழியெல்லாம் என்னைவிட அதிகமாக அழுதது அவன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் விழுவதற்கு முந்தின நாளே உன் கடிதம் வந்துவிட்டது. "உங்களுக்குப் பூட்டு யார்" என்று கேட்டிருந்தாய். சிரித்துவிட்டு மடித்துவைத்தேன். கீழே விழுந்து கிடந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

அன்றைக்குப் போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனால் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பாஸாகிவிடு.

ஞானராஜ்


தாராவி,
26 ஜூலை

அத்தான்! அத்தான்!

பாஸ்! பாஸ்! பாஸ்!

இப்போது என் நம்பரைத் திறந்துவிட்டீர்கள், தெரியும். ரிங் போகிறது. ஆனாலும் போனில் சொல்ல மாட்டேன். போனில் சொன்னால், "சரி, சரி, சந்தோசம்" என்று ஒரு நிமிஷத்தில் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுக்கப் படித்தாக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், அந்த ஒரிசா அண்ணனுக்காகவும் ஜெபம் பண்ணினேன், உங்களைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன். அப்புறம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

இன்றைக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் பரீட்சை வைக்க வந்தார். சிரிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த முகம். என் முறை வந்தது. இறக்கினேன், பூட்டினேன், சாவி பைக்குள், டெஸ்டர் வைத்தும் பார்த்தாயிற்று. கால் மறுபடியும் போர்டுக்குப் பக்கத்திலேயே நிற்கப் பார்த்தது. "நடடி ராணி, நட" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, என்ன சொன்னாய் என்கிற மாதிரி, "க்யா போலா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டி, "குச் நஹி சார்" என்று சொல்லிவிட்டு நேராக உள் அறைக்குப் போய்விட்டேன்! முதுகுக்குப் பின்னால் காவலுக்கு ஒருவரும் இல்லை. சாக்கெட்டைக் கழற்றி, மாற்றி, எர்த் சரிபார்த்துத் திரும்பி வந்து பூட்டைத் திறந்து ஸ்விட்சைத் தூக்கினேன். பல்பு எரிந்தது. அவர் பேப்பரில் எழுதிக்கொண்டே, "அச்சா" என்றார். அந்த முகத்திலிருந்து ஒரு அச்சா வாங்குவது சும்மாவா!

நுஸ்ரத்தும் பாஸ். இரண்டு பேரும் மாட்டுங்கா வரைக்கும் போய் மசால் தோசை சாப்பிட்டோம். பக்கத்து மேசை மாமிகளெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினோம். பார்க்கட்டுமே.

அங்கிருந்து மறுபடியும் செம்பூருக்கே வந்து வைத்தீஸ்வரன் சாரிடம் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்மா. அப்போ கம்பெனிக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஒண்ணாம் தேதிலேர்ந்து பேனல் ரூம் உங்க பொறுப்பு" என்றார். வேலை தப்பியது அத்தான்!

இத்துடன் ஒரு பூட்டு அனுப்பியிருக்கிறேன். லோஹார் சால் எலக்ட்ரிக் கடைத்தெருவில் தேடி வாங்கினேன். உங்கள் பேரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறேன். சாவி ஒன்றுதான், அது உங்கள் பையில் மட்டும் இருக்க வேண்டும்.

உங்கள் ராணி


நாசிக்,
30 ஜூலை

என் ராணிக்கு,

சைட்டில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். "மேரி பீவி பாஸ் ஹோ கயி", என் பொண்டாட்டி பாஸாகிவிட்டாள் என்று சொன்னால், "எத்தனாவது கிளாஸ்?" என்று கேட்கிறார்கள். பேனல் என்றதும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை ராணி. நீ பரீட்சை கொடுத்ததைப் படித்துவிட்டு, "நடடி ராணி" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது எழுதுவது என் வலது கைதான், பார்த்தாயா? இங்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். இனி உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பயிற்சி பாஸான பேப்பர் உன் பேரில் இருக்கட்டும், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். நம் ஏரியாவில் பேர் ஒருத்தர், வேலை ஒருத்தர் என்பது புதுசா என்ன? மழைக்காலத்தில் நீ அந்தப் பேனல் ரூமில் கிடந்து அவதிப்பட வேண்டாம். வீட்டில் காலை நீட்டி உட்கார்.

வரும்போது உனக்கு ஒரு சேலை வாங்கி வருகிறேன். என்ன நிறம்?

உன் ஞானராஜ்


தாராவி,
3 ஆகஸ்ட்

அத்தானுக்கு,

நீங்கள் ஜிலேபி வாங்கிக் கொடுத்ததைப் படித்துச் சிரித்தேன், அழுதேன், மறுபடியும் படித்தேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

முடியாது அத்தான்.

முதல் நாள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பேனல் ரூமைத் திறந்ததும் கருகின வாடை. பி விங் பகுதிக்கான பேனலில் ஒரு கேபிள் முனை கறுத்துக் கிடந்தது. அதன்மேல் டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைப் போன மழைக்காலத்தில் உங்கள் கையில் வெட்டிக் கொடுத்தவளே நான்தான். அவசரத்துக்குச் சுற்றினோம், பிறகு மாற்றலாம் என்றீர்கள், இரண்டு பேரும் மறந்துவிட்டோம். இன்னொரு மழை தாங்கியிருக்காது. அந்த விங்கில் எத்தனை குழந்தைகள்!

இறக்கினேன், பூட்டினேன். லிஃப்ட் நின்றுவிட்டது. வைத்தீஸ்வரன் சார் நாலாவது மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, "விஜயராணி, லிஃப்ட் எப்போம்மா வரும்? கொஞ்சம் போட்டுடேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். "சாவி என் பையில இருக்கு சார். வேலை முடிஞ்சாதான் வெளிய வரும்" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்! அவர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். முனையை வெட்டி, புதுசு போட்டு, இறுக்கி, எல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் திறந்தேன். லிஃப்ட் வந்ததும் அவர் ஏறவில்லை. "என்னென்ன பண்ணினே, சொல்லு" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கஷ்டம் என்று யார் சொன்னது? காலையில் எழுந்ததும் எப்போது போகலாம் என்று இருக்கிறது. இதை விட்டுவிட்டுக் காலை நீட்டி உட்காரச் சொல்கிறீர்கள்.

என் பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களை உள்ளே அனுப்ப மாட்டேன். அந்த ஏணியிலிருந்து நீங்கள் விழுந்த சத்தம் நான் கேட்காமலே என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் புருஷன் என்பதற்காக ஒரு பூட்டை நான் திறந்தால், அப்புறம் அது என்ன பூட்டு?

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை அடுத்த பேட்ச் தொடங்குகிறது. மேடத்திடம் சொல்லி ஒரு இடம் பிடித்துவைத்திருக்கிறேன். அது முடிகிறவரை என்னோடு வாருங்கள், நான் கேட்கிறதை எடுத்துக் கொடுங்கள். முடிந்ததும் மூன்று கட்டடத்தையும் இரண்டு பேருமாகப் பார்ப்போம். கோபம் வந்தால் வரட்டும். போன தடவை என் நம்பரைத்தான் அடைத்தீர்கள். இந்தத் தடவையும் அடைத்தால், நான் மறுபடியும் எழுதுவேன்.

சேலை மயில் கழுத்து நிறம்.

ராணி


நாசிக்,
10 ஆகஸ்ட்

ராணி,

உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. பொண்டாட்டிக்கு எடுபிடியா நான் என்று நாலு பக்கம் எழுதி வானமாமலையிடம் கொடுத்துவிட்டேன். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் ஓடிப்போய் வாங்கிக் கிழித்துப் போட்டேன். "இதுக்குத்தான் வாய்ச்செய்தி வேண்டாம்னேன். வாய்ல சொன்னதக் கிழிக்க முடியுமா?" என்று சிரித்துவிட்டுப் போகிறான்.

டேப் விஷயம் உண்மை. உன் இடத்தில் வேறு யாராவது பார்த்திருந்தால் என் மானம் போயிருக்கும். பார்க்காமலே விட்டிருந்தால் அதைவிடப் பெரிதாகப் போயிருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. பயிற்சியின் முதல் நாள் காலையில், வயர் வாங்க தாதர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, நான் தாதர் போகவில்லை. செம்பூருக்குத்தான் போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் சின்னச் சின்னப் பையன்கள், பையும் நோட்டுமாக, இந்தியிலும் இங்கிலீஷிலும் கடகடவென்று பேசிக்கொண்டு போகிறார்கள். கரும்பலகையில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவன், உனக்குத் தெரியும். எழுந்து படி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? கால் உள்ளே போகவில்லை ராணி. பயம். திரும்பி வந்து உன்மேல் கத்தினேன். பயந்தவன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவது எனக்கு லேசாக இருந்தது.

நீ அதே வாசலில் எப்படி நுழைந்தாய்?

சனிக்கிழமை வந்து சேருகிறேன். சேலை வாங்கிவிட்டேன், மயில் கழுத்துதான். நீ கேட்கிறதை எடுத்துக் கொடுக்கிறேன், ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் நீ வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போ. வைத்தீஸ்வரன் சாரிடம் சொல்லிக்கொள். அந்த வாசல் வரைக்கும் என்னோடு வா. நான் உள்ளே போய் ஒரு இடம் பார்த்து உட்காருகிறவரை வெளியே நில்லு. நீ நிற்கிறாய் என்று தெரிந்தால் நான் திரும்பி வர மாட்டேன்.

உன் ஞானராஜ்